விலை பாதியான வாரத்தில் நான் விற்காத பங்குகள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, நம் சேமிப்புச் சங்கத்தைச் சிதையாமல் காத்த சான்றோரே, வார்டு வார்டாக நடந்து கால் வீங்கிய செவிலியத் தாய்மாரே, இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

அறுவை அரங்கில் கத்தரிக்கோலும் ஊசியும் எடுத்துக் கொடுப்பவள் நான். பதினோரு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் பங்குகளை மாதம் நாலு, ஐந்து என்று வாங்கி வந்தேன். ஏன் அந்த நிறுவனம்? காயம் மூடும் தையல் நூல் செய்வது அது. எந்த மருத்துவர் வந்தாலும் அந்த நூலைத்தான் கை நீட்டிக் கேட்டார். கடனில்லாத கம்பெனி. ஆண்டுதோறும் ஈவுத்தொகை தந்தது.

யாரங்கே, பேரைச் சொல்லச் சொல்வது? சொல்லமாட்டேன், தம்பி. நான் படித்துப் பார்த்து வாங்கினேன், நீங்களும் படியுங்கள்.

பிறகு அந்த வாரம் வந்தது. திங்களன்று, பேருந்து ஓட்டும் என் கணவரைக் கண் பரிசோதனையில் தேறவில்லை என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வியாழனுக்குள் சந்தை சரிந்து என் பங்கின் விலை பாதியானது. வெள்ளி காலை அவருடைய அண்ணன் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மிச்சமாவது தேறட்டும்மா. இன்னைக்கே வித்துடு."

கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு வேலை போச்சு. இதுவும் போகணுமா?"

"சந்தை மூட நேரம் இருக்குங்க. ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்."

மருத்துவமனைக் கிடங்குக்கு ஓடினேன். "அண்ணே, தையல் நூல் வாங்குறதைக் குறைச்சுட்டாங்களா?"

கிடங்குக்காரர் சிரித்தார். "குறைக்கிறதாவது? ரெண்டு பெட்டி கூடக் கேட்டு என் உயிரை எடுக்கிறாங்க."

வேறு மூன்று மருத்துவமனைத் தோழிகளைக் கேட்டேன். அதே பதில். விலை வீழ்ந்ததா? வீழ்ந்தது. நூல் அறுந்ததா? அறவில்லை. தேவை தேய்ந்ததா? தேயவில்லை. பின் எதற்கு விற்பேன்?

வீடு திரும்பி, "விக்கலைங்க" என்றேன். கணவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். நாற்பது நாள் என்னோடு பேசவில்லை.

நான் என்ன, தப்பே செய்யாதவளா? உறவினர் சொன்னார் என்று ஒரு கட்டுமானக் கம்பெனியிலும் போட்டேன். ஒரு காசு திரும்பவில்லை. தெரியாததை வாங்கியதற்குக் கிடைத்த அடி அது. தெரிந்ததிலும் பயம் விடவில்லை. மூன்று ஆண்டுகள் விலை எழவில்லை. இரண்டு ஷிப்ட் பார்த்தேன். வந்த ஈவுத்தொகைக்கு மறுபடியும் அதே பங்கை வாங்கினேன்.

விலை ஏறியது பிறகுதான். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. சென்ற மாதம் மேற்பார்வையாளர் போனில் அழைத்தார்: "நாளைக்கு ரெண்டு ஷிப்ட் வந்துடும்மா." பக்கத்தில் இருந்த கணவர் மெதுவாகச் சொன்னார்: "வாடகை ஈவுத்தொகையிலயே போயிடுது. உனக்கு இஷ்டம்னா போ."

"நாளைக்கு ஒரு ஷிப்ட்தான் வருவேன், சார்" என்றேன். இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் சொன்ன முதல் மறுப்பு. போனை வைத்துவிட்டு அழுதேன், தாய்மாரே. அந்த ஒரு மறுப்பைச் சொல்லும் உரிமைக்காகத்தான் அத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்கிறேன்.

அது உங்கள் ஒவ்வொருவருக்கும் வாய்க்கட்டும். பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்.