வெளிப்பக்கம் தேய்ந்த பெல்ட்

சுவரில் சாய்ந்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

இது நம்ம ஜெயபாலனின் சித்தப்பா கலியாணசுந்தரத்துக்கு நடந்தது. வருஷம் ஐம்பத்தேழு, ஆகஸ்ட். நாடு சுதந்திரம் வாங்கும் மெர்டேக்காவுக்கு இரண்டே நாள். இரவு பத்தேகால் மணி. அவர் வீடு இருந்த காஜா பேராங்கிலிருந்து கிளேபாங் பக்கம் போகிற சாலையில் அப்போது விளக்குக் கிடையாது. இடது பக்கம் கடல் இருக்கிறது என்பது வாடையில்தான் தெரியும். அந்த இருட்டில் கலியாணசுந்தரம் ஒரே ஆளாக சைக்கிள் மிதித்துப் போனார். இடது கால் செருப்பு வார் அறுந்து மூன்று நாள். கம்பி வைத்துக் கட்டியிருந்தார், நடந்தால் தரையில் இழுபடும்.

வீட்டில் மனைவி பூங்காவனம், எட்டு மாதக் குழந்தை கோகிலா. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

"ஒரு மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். "வேலை முடியாட்டாலும் வந்துருவேன்."

அவருக்கு வேலை ஊர் முடிகிற இடத்தில், ஒரு ஐஸ் கம்பெனியில். மெஷின் பூட்டுகிற பிட்டர். அங்கே ஒரே எஞ்சின். அது கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்றைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து பெல்ட், பெல்ட்டாக இறங்கி எல்லா மெஷினும் ஓடும். முதலாளி தவுக்கே புது கம்ப்ரசர் வாங்கியிருந்தார். மெர்டேக்காவுக்குள் ஓட வேண்டும். புதுசுக்குத் தண்டு வேகமாகச் சுற்ற வேண்டும். உப்புத் தண்ணீரைக் கலக்குகிற பழைய மெஷினுக்கோ பழைய வேகம்தான் வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஐஸில் ஏறிவிடும். இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. கலியாணசுந்தரம் ஒரு வாரம் யோசித்தார். பழையதுக்கு மட்டும் தண்டில் சின்னப் புல்லிச் சக்கரம் மாட்டுவது என்று சரிக்கட்டினார்.

மிச்சம் ஒன்று... மூன்றாவது பெல்ட்.

பின்சுவருக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில் கைப்பிடி வைத்த ஒரு தனிப் புல்லி. அதிலிருந்து ஒரு தோல் பெல்ட் சுவர் ஓட்டைக்குள் போய்த் திரும்பி வரும். அந்தப் பக்கம் ஒரு பழைய அறை. வாசலைச் செங்கல் வைத்து அடைத்து எத்தனையோ வருஷம். பெல்ட்டின் இரண்டு முனையையும் தோல் வாரால் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் புல்லியில் ஏறும்போது ஒரு சத்தம் வரும்.

டக்...

டக்...

நிமிஷத்துக்கு நாற்பது. புது கம்ப்ரசர் உட்கார வேண்டிய இடமும் சரியாக அதுதான்.

பதினொரு மணிக்கு எஞ்சினை நிறுத்தினார். கட்டடமே மூச்சு விட்டதுபோல் அடங்கியது. ஆனால் அந்த டக் மட்டும் நிற்கவில்லை. ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்க்கும் காதர் மைதீன், அறுபது வயதுக்காரர், தனிப் புல்லியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், எஞ்சினே படுத்திருச்சு. நீங்க எதுக்கு மாவு ஆட்டுறீங்க?"

"இத நிப்பாட்டக் கூடாது தம்பி. எனக்கு முன்னால இருந்த ஜாகா சொல்லிக் குடுத்தாரு."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டேன். அவருக்கும் தெரியாது."

"அந்தப் பக்கம் அப்படி என்னதான் ஓடுது?"

"போய்ப் பாத்தவன் எவனும் என்கிட்ட வந்து சொல்லலையே."

கலியாணசுந்தரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெல்ட்டைக் கழற்றினாலும் அதன் மறுமுனைவரை போய், எது அதை நம்பி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்தி வைப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் செங்கல்லை இடிக்க வேண்டும். மற்ற பெல்ட்டுகளை மாற்றி முடித்ததிலேயே மணி பன்னிரண்டரை. குழந்தை கொதித்துக்கொண்டிருந்தது.

"கைய எடுங்க பாய்."

தையலை அறுத்தார். ஒரு முனை அவர் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தார்... சில்லென்று ஈரம். சேற்று வாடை.

பெல்ட்டின் உள்பக்கம்தான் புல்லியில் படும், அதுதான் தேயும். இதில் உள்பக்கம் சுமாராக இருந்தது. வெளிப்பக்கம், எதுவுமே படாத பக்கம்... வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. வருஷக்கணக்கில் யாரோ மிதித்ததுபோல.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெல்ட் கையில் இருக்கிறது. தையல் இல்லை. புல்லி சுற்றவில்லை.

டக்...

டக்...

சுவருக்கு அந்தப் பக்கம். மெதுவாக அது நகர்ந்தது. சுவர் ஓரமாகவே போய், மூலை திரும்பி, வெளியே... சாலைக்கு இறங்கியது. காஜா பேராங் பக்கம்.

"தைங்க தம்பி!" காதர் மைதீன் கத்தினார். "அல்லாவே... சீக்கிரம் தைங்க!"

தைத்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. தைத்ததும் பாய் கைப்பிடியில் பாய்ந்தார். கலியாணசுந்தரம் சைக்கிளில் ஏறினார். சாலையில் யாரும் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சேற்று வாடை மட்டும் வீடுவரை வந்தது.

பூங்காவனம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு நடுவில் நின்றாள். சுவர் பக்கம் போகவில்லை.

"வெளிய யாரோ நடக்கிறாங்க" என்றாள். "நடக்கிறாங்க... நடந்துகிட்டே இருக்காங்க. ஆனா போக மாட்டேங்கிறாங்க."

கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில்.

டக்...

டக்...

எண்ணிப் பார்த்தார். நாற்பது. அங்கே பெல்ட் ஓடுகிறவரை இது நடந்துகொண்டே இருக்கும், வந்து சேராது. அந்தப் பெல்ட்டின் வேலையே அதுதான். புரிந்துவிட்டது. அரை மணி நேரம் பெல்ட் இல்லாமல் போனது. அந்த அரை மணியில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். மணி இரண்டானது. மூன்றானது.

டக்.......

டக்..........

காதர் மைதீனின் கை ஓய்ந்துகொண்டிருந்தது.

கலியாணசுந்தரம் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். செருப்பைப் போட்டார். "தாழ் போட்டுக்க. நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காத."

"எங்க போறீங்க? அதான் வாசல்லயே நிக்குதே..."

"அதான் போறேன். அத அங்கயே திரும்பக் கூட்டிட்டுப் போய்டுறேன்."

கதவு திறந்தது, மூடியது. பிறகு டக் இல்லை. ஒன்றுமே இல்லை. ரொம்ப நேரம்.

விடியும்போது கோகிலாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வாசலில் சைக்கிள் அப்படியே நின்றது. பூங்காவனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனிவரை நடந்தே போனாள். காதர் மைதீன் இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை வீங்கித் தொங்கியது.

"ஒரு தடவ விட்டுட்டேன்மா" என்று அழுதார். "ஒரு அரை மணி நேரந்தான். திரும்பப் பிடிச்சதுலேர்ந்து... இப்படிக் கேக்குது."

பெல்ட்டில் தையல் ஒன்றுதான். பூங்காவனம் சுவரில் காது வைத்தாள்.

டக்... சர்ர்.

டக்... சர்ர்.

கம்பி கட்டிய செருப்பு தரையில் இழுபடுகிற சத்தம். மூன்று நாளாக வீட்டில் கேட்ட சத்தம்.

அவள் அழவில்லை. பாயின் கையிலிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

"நிப்பாட்டினா இவரு வந்துருவாரா பாய்?"

"ரெண்டு பேரும் வருவாங்கம்மா."

பூங்காவனம் சுற்றினாள். அப்புறம் ஒரே ஒரு சுற்று... மெதுவாக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பு ஓர் எட்டு கிட்டே வந்தது. அதற்கு முன்னாலேயே அந்த டக் கிட்டே வந்திருந்தது.