வெள்ளிக்கிழமை வந்து திரும்பிய வேன்

வெள்ளி. பிற்பகல் மூன்று பத்து. பெய்ரூட்டின் தென்புறம். கட்டடம் குலுங்குகிறது. முதலில் உறுமல். பிறகு நீண்ட கீச்சொலி. பிறகு எதுவும் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டுகிறது. யாரோ கத்துகிறார்கள். "படு! சுவரோரம் படு!" அது என் குரல்தான்.

நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் ஆம்பூர்ப் பக்கம். ஷூ தைக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள். நான் சூப்பர்வைசர். 2006 ஜூலை. போர் தொடங்கி மூன்றாம் நாள். தோல் கட்டுகள் அடுக்கிய நிலவறையில் கிடக்கிறோம். முதலாளி புதன்கிழமையே மலைப்பக்கம் ஓடிவிட்டான். எங்கள் பாஸ்போர்ட்டுகள் அவனுடைய இரும்புப் பெட்டியில். சாவி அவன் சட்டைப்பையில். நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். எங்களை ஏற்றவில்லை. நான் பார்த்தேன். எழுதி வைக்கிறேன்.

பக்கத்தில் படுத்திருந்த சலீம் பாய் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இன்னா சார், வெள்ளிக்கிழமை. நம்ம ஊர்ல இந்நேரம் பிரியாணி துன்னுட்டுத் தூங்கினு இருப்பேன். லீவு நாள்ல கூடப் பேஜார் பண்றானுங்க."

சிரித்தோம். ஐந்து பேரும்.

அதே நேரம் எங்கள் தெருமுனையில் ஒரு வேன் நின்றது. எங்களுக்காக. எங்களுக்குத் தெரியாது.

அந்த வேன் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் மகள் பெனிட்டா. வயது இருபது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. புதன் மாலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆர்குட்டைத் திறந்தாள். லெபனான் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் எங்களைப் பற்றி எழுதினாள். ஐந்து பேரின் பெயர். தெருவின் பெயர். சலீம் பாய்க்கு மூன்று பெண் குழந்தைகள். என் பிரஷர் மாத்திரை இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் எழுதினாள்.

வியாழன் காலை பதில்கள் குவிந்திருந்தன. கொழும்பிலிருந்து ஒரு பெண். அவளுடைய அக்கா எங்கள் பேட்டையில்தான் வீட்டு வேலை செய்கிறாள், போன் எடுக்கவில்லை. பிரேசிலிலிருந்து லூசியானா. அவள் தாத்தா லெபனானிலிருந்து போனவர். மாமா இன்னும் பெய்ரூட்டில் வேன் ஓட்டுகிறார். ஒருவர் வீட்டுக் கவலையை மற்றவர்கள் விசாரித்தார்கள். முகம் பார்க்காதவர்கள். குண்டு விழுந்த படம் இருந்தால் போடு என்று கேட்ட ஈனப்பிறவிகளும் அங்கே இருந்தார்கள். அவர்களையும் நான் மறக்கவில்லை.

சார்ஜ் தீராமலிருக்கக் காலையும் மாலையும் ஐந்து நிமிடம்தான் போனைத் திறப்பேன். வியாழன் மாலை மகள் பேசினாள்.

"அப்பா, உங்க நம்பர அதுல போடட்டா? அந்தப் பிரேசில் பொண்ணோட மாமா நேரா உங்ககிட்டயே பேசுவாராம்."

"வேணாம். முன்ன பின்ன தெரியாதவங்க. என் நம்பர் கெடச்சா உன் நம்பரும் கெடைக்கும்."

"நாளைக்கு ஆபீஸ் லீவுப்பா. பஜார்ல பிரவுசிங் சென்டர் போய்ப் பாக்கறேன்."

"அங்க பூரா பசங்க. தனியா போவாதே. ஒருநாள்ல ஒண்ணும் ஆயிடாது. வீட்ல இரு."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பல டேனரிகளுக்கு வார விடுமுறை வெள்ளி. ஞாயிறு வேலை நடக்கும். குண்டு போடுகிறவனுக்கு எந்தக் கிழமையும் லீவு கிடையாது. லூசியானாவின் செய்தி வெள்ளி காலை வந்தது. மாமா மூன்று மணிக்கு வருவார், தெருமுனை பேக்கரி, அரை மணி நேரம் நிற்பார். ஆபீஸ் பூட்டியிருந்தது. மகள் வீட்டில் இருந்தாள். நான் சொன்னபடி.

நீளமான தெரு. எந்தக் கட்டடம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. கூப்பிட நம்பர் இல்லை. நின்றார். போய்விட்டார்.

மாலை ஆறு இருபது. தண்ணீர் தீர்ந்தது. சலீம் பாய் கேனை எடுத்தார்.

"பாய், போவாதீங்க! பாய்!"

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. பதினோரு படி. பிறகு உறுமல். நான் மேலே போனேன். பார்த்ததை எழுதமாட்டேன். அன்று மாலை போனைத் திறக்கவில்லை.

சனி காலை திறந்தேன். மகள் அழுதாள். "அப்பா, வேன் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு." நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். மதியம் வேன் மறுபடி வந்தது. பிறகு ஊருக்குக் கப்பல்.

பாஸ்போர்ட் ஐந்து போயிற்று. என் வலது காது போயிற்று. கொழும்புப் பெண்ணின் அக்காவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சலீம் பாய், வயது நாற்பத்தொன்று. அங்கேயே அடக்கம். பிரேசிலில் முகம் தெரியாதவர்கள் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றிப் படம் அனுப்பினார்கள். ஆம்பூரில் விதி என்றார்கள். விதி என்று சொல்லாதீர்கள். குண்டைப் போட்டவன் ஒருவன். பெட்டியைப் பூட்டியவன் ஒருவன். வீட்டில் இரு என்று சொன்னவன் நான்.

நான் ஊர் வந்த மறுநாள், காலை பத்து மணிக்கு, சலீம் பாயின் மனைவி மும்தாஜ் வந்தார். மகளைக் கட்டிக்கொண்டார். எழுதியதையும் வந்த பதில்களையும் அவள் முன்பே அவருக்குப் படித்துக் காட்டியிருந்தாள். வெள்ளியன்று நான் தடுத்ததையும் சொல்லியிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிரேசில்காரங்க ரெண்டு வாட்டி வேன் அனுப்பினாங்கண்ணா. நீங்க இந்தப் பொண்ண ஒரு மணி நேரம் வெளிய உடலையே."