வால் கீலுக்குப் போட்ட எண்ணெய்

ஆமணக்கு எண்ணெயின் வாடை பலருக்கும் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குப் பிடிக்கும். திருச்செங்கோட்டில் என் லேத்துப் பட்டறை முழுக்க அந்த வாடைதான். சண்டை தொடங்கியபின் சேலத்துக்கு வெளியே பட்டாளத்தார் அமைத்த விமானத் திடலுக்கு புஷ் என்கிற வெண்கல வளையங்களும், மெழுகு கூட்டிய ஆமணக்கு எண்ணெயும் நான்தான் கொடுத்தேன். விமானத்தின் வால் அசைகிற கீலில் ஓர் எஃகு முளை இருக்கும். அது வெண்கலப் புஷ்ஷுக்குள் தேயாமல் சுழல அந்த எண்ணெய் வேண்டும்.

அங்கே விமானங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர் என் தங்கை மயிலம்மாளின் கணவர் தங்கமுத்து. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து, பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்ததே தினமும் கண்ணால் பார்க்கத்தான். தை மாதம் அவள் ஓடி வந்தாள்.

"அண்ணா, அவியளுக்குப் பெங்களூர்ல வேலைங்ணா. ஊட்டுக்குள்ளயே கொழாத் தண்ணி வருதாமுங்ணா."

"சந்தோசம் சாமி, நல்லாப் போய்ட்டு வா" என்றேன். அவள் முகத்தில் என்னைப் பிரிகிற வருத்தம் துளியும் இல்லை. வயிறு எரிந்தது.

நாமக்கல் பக்கத்துக் காடுகளில் குருந்தக்கல் கிடைக்கும். சாணை பிடிக்கிற கல். அதை மாவாக இடித்துச் சலித்து எண்ணெயில் கலந்தேன். வெண்கலம் மிருதுவானது, பொடியை உள்வாங்கிக்கொள்ளும். பிறகு புஷ்ஷே அரமாகி முளையைத் தின்றுவிடும்.

அந்தத் திடலில் ஒரு வழக்கம். எந்தப் பழுது பார்த்தாலும், பார்த்த பிட்டரே வெள்ளோட்டத்தில் விமானியோடு ஏற வேண்டும். வேலை சுத்தமாக நடக்க நல்ல ஏற்பாடு.

முதலில் விழுந்த விமானத்தில் மாப்பிள்ளை இல்லை. மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையன் ஒருவன் செத்தான். பாவமாகத்தான் இருந்தது. அடுத்த டின்னையும் அனுப்பினேன். மல்லசமுத்திரத்துச் சோளக்காட்டில் விழுந்ததில்தான் மாப்பிள்ளை இருந்தார்.

மயிலம்மாள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். "நீங்க இல்லீனா நான் என்னாயிருப்பனுங்ணா" என்கிறாள். கேட்க இதமாக இருக்கிறது.

தாலி அறுத்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடுவது அண்ணன் கடமை. சாவு வீட்டு அவசரத்தில் வாங்கினால் முரட்டுத் துணிதான் கிடைக்கும், அவள் உடம்பை அறுக்கும். அதனால் பெங்களூர் என்று அவள் சொன்ன வாரமே, எடப்பாடித் தறிக்காரரிடம் மெல்லிய நூலில் ஒரு வெள்ளைச் சேலை நெய்யக் கொடுத்துவிட்டேன். அவள் கஷ்டப்பட்டால் எனக்குத் தாங்காது, ஐயா.