இனி ஆமி மறிச்சாலும் பயமில்லை

வெள்ளவத்தையில் பஸ் ஏறி எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள்:

"இனி ஆமி மறிச்சாலும் பயமில்லையடி. பொன்ட் கிடைச்சிட்டுது."

"என்ன பொன்ட்?"

"மியூசிக் குறியள் அடிக்கிற கொம்பியூட்டர் எழுத்துரு. சேர்ச் கொயருக்கு நான் கையாலை எழுதின நோட்ஸை, போன மாசம் இரகசிய எழுத்தெண்டு பின்னேரம் வரைக்கும் என்னை மறிச்சு வச்சவங்களெல்லே?"

"கொம்பியூட்டரிலை அடிச்சா பெட்டி பெட்டியா வருதெண்டெல்லே சொன்னனீ?"

"பொன்ட் இல்லாட்டி அப்பிடித்தான். எங்கட ஒஃபிஸிலை வேலை செய்யிற பௌசர் நானா நுகேகொடைக் கடையெல்லாம் அலைஞ்சு ஒரு சீடி வாங்கிவந்து போட்டுத் தந்தார். இப்ப அச்சடிச்ச பாட்டுப் புத்தகம் மாதிரியே இருக்கு. அந்த மனுசன் நல்லா இருக்கோணும்."

பம்பலப்பிட்டியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைச் சோதித்தார்கள். பொன்ட் கிடைத்தவளின் நோட்ஸ் தாள்களைப் புரட்டிய சிப்பாய், 'இது பாட்டா?' என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தான்.

சிநேகிதியின் பையிலிருந்து டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு வந்தது. அதை அவன் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

ஒருவழியாக பஸ் மறுபடி கிளம்பியபோது சிநேகிதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கட நானாவிட்டை ஒருக்காக் கேளடி, டொக்டர்மாருக்கும் ஒரு பொன்ட் தேடிக் குடுப்பாரோ எண்டு."