கிட்டே வந்த வெளிச்சம்

நடு இரவு தாண்டி இரண்டரை மணி. எங்கள் பாலைவன ஊரான காலாமாவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சாலை. ஒரு பக்கம் வெடியுப்பு எடுத்த காலத்துப் பாழ் முகாம், அதன் கல்லறைத் தோட்டம். மறுபக்கம்... ஒன்றுமில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் வாருங்கள், கத்திச் சொல்கிற விஷயம் இல்லை இது.

என் சிநேகிதன் அலிரோவின் அக்கா கணவர் நோல்பெர்த்தோ. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அக்கா கோபித்துக்கொண்டு, மகள் யாஸ்னாவோடு தெற்கே போய் ஒன்பது வருஷம். பெண் அப்பாவோடு பேசுவதே இல்லை. போன ஜூலையில் திடீரென்று அவளிடமிருந்து ஒரு செய்தி. "இங்க ஓயாத மழைப்பா. நம்ம ஊர் வானத்த ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல படமாக அனுப்பினால் ஒருவேளை நேரிலேயே வருவாள். பழைய கேமரா ஒன்றும் முக்காலியும் வாங்கினார்.

"இருட்டப் படம் பிடிக்க இவ்ளோ செலவா மச்சான்?" என்று அலிரோ கேலி செய்தான்.

இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியாது. தொலைவில் ஒரு விளக்கைப் பார்த்து, லென்ஸ் வளையத்தைத் திருகித் தெளிவாக்கிக்கொண்டுதான் வானத்தை எடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்தச் சாலையோரம் லாரியை நிறுத்தி முக்காலியைப் போட்டார். கேமராத் திரையில், கல்லறைப் பக்கம் ஒரு வெளிச்சம். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தார். அதை வைத்தே தெளிவாக்கினார்.

டக்... முப்பது விநாடி... டக்.

நட்சத்திரமெல்லாம் பொரி பொரியாக ஊதியிருந்தது. கை தவறிவிட்டது போல. மறுபடி வெளிச்சத்தைப் பார்த்துத் திருகினார். வளையம் கிட்டத்துப் பக்கம், அதாவது பக்கத்தில் இருப்பதைத் தெளிவாக்கும் பக்கம், போனது. மறுபடி எடுத்தார். மறுபடி பொரி. திருகினால்... இன்னும் கிட்டே.

தலையை நிமிர்த்தி வெறுங்கண்ணால் பார்த்தார். வெளிச்சமே இல்லை. திரையில் மட்டும் இருந்தது.

உப்புத் தரை நற... நற... என்று நொறுங்கும் சத்தம். அணைந்த திரியின் வாடை. வளையம் கடைசிவரை போய் நின்றுவிட்டது. கேமராவிலிருந்து ஒரு கை தூரம், அவ்வளவுதான். ஒரு படம் எடுத்தார். படம் முழுக்க வெள்ளை. கண்ணாடிமேல் மூச்சுக்காற்றின் ஈரம். எங்கள் பாலைவனத்தில் பனிகூட விழாது.

வேறு வழியில்லாமல், ஊதிப்போன படங்களையே மகளுக்கு அனுப்பினார். பார்த்தாள். பதில் இல்லை. இந்த இடத்தில் எனக்கு அந்தப் பெண்மேல் கோபம்தான் வரும்.

"இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க" என்றான் அலிரோ.

"நாலு சனிக்கிழமை போயிட்டு வந்துட்டேன் மாப்ள. இப்ப நட்சத்திரமெல்லாம் ஊசி குத்துன மாதிரி விழுது."

"அந்த வெளிச்சம்?"

"படத்துல வர்றதில்ல. கேமராவுக்கு இந்தப் பக்கம் வந்துருச்சு."

"பயமா இல்லையா மச்சான்?"

"ஒன்பது வருஷத்துல என்னத் தேடி கிட்ட வந்தது அது ஒண்ணுதான்."

செப்டம்பரில் யாஸ்னா அலிரோவைக் கூப்பிட்டு அழுதாள். அப்பா போனையே எடுப்பதில்லையாம். அவன் ஓடிப்போய், புறப்படத் தயாராக நின்ற லாரியின் கதவைத் தட்டினான்.

"அவ உங்களப் பாக்க வர்றேங்கிறா. சனிக்கிழமை ராத்திரி உங்ககூட வானம் பாக்கணுமாம்."

நோல்பெர்த்தோ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஆசை வந்தது... போய்விட்டது.

"வேணாம்னு சொல்லிரு மாப்ள. லாரியில இடமில்ல."

அலிரோ எட்டிப் பார்த்தான். பக்கத்து சீட் காலி. அதன் பெல்ட் மாட்டியிருந்தது.