கலைந்து போகும் விசில்

அந்த விசிலைக் கொஞ்சம் துடைத்து வையுங்கள், மேடம். எச்சில் காய்ந்தால் உள்ளே இருக்கும் உருண்டை ஒட்டிக்கொள்ளும். சத்தம் பிசிறடிக்கும். அப்புறம் எந்த விசில் என்று தெரியாமல் சின்னப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

நானாகத்தான் வந்தேன். யாரும் கூட்டிவரவில்லை. காலையில் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலைத் தாண்டிப் போகும்போது எங்கள் பள்ளி வாட்ச்மேன் வேம்புலியின் மனைவி கன்னியம்மா ஓடிவந்து வழியை மறித்தாள். "எங்க ஊட்டுக்காரு எறும்பைக்கூட மெரிக்க மாட்டாரு சார். கேக்காம மோட்டாரு போட்டாருன்றாங்களே. நீ கூட இருந்தியே, ஒரு வார்த்த சொல்லு சார்" என்றாள். நேராக நிற்காமல் என் முன்னால் அங்கும் இங்கும் அலைந்தாள். அப்படி அலைபவர்களை என்னால் பார்க்க முடியாது. அதனால் உள்ளே வந்துவிட்டேன்.

நூம்பலில் அந்தத் தொடக்கப் பள்ளிக்கு நான்தான் பி.டி. மாஸ்டர். இராமகிருஷ்ணன். எங்களுக்கு மைதானம் கிடையாது. கீழே வேன்கள் நிற்கும் இடம் போக, மிச்சம் மொட்டை மாடிதான். அதில் தண்ணீர் டேங்க், டிஷ் கம்பி, நாலாம் வகுப்பு. சுற்றியிருக்கும் அடுக்குமாடிப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். லிஃப்டில் இறங்கி வேனில் ஏறுவார்கள். சாயங்காலம் செல்போன். மாடி ஏறி வந்தாலே மூச்சு வாங்கும். அவர்களை நிமிர்த்தி நிற்கவைத்தவன் நான்.

என் முறை எளிது. பி.டி. பீரியடில் இரண்டே விசில். முதல் விசில் அடித்தால் வாய் மூட வேண்டும். கலைந்து போகும் விசில் வரும்வரை யாரும் பேசக் கூடாது. தும்மினால்கூடக் கையால் பொத்திக்கொள்வார்கள். ஒருவன் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. பிசகியவனை நான் திட்டியதே இல்லை. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பரத் எப்போதும் பிசகுவான். குண்டுப் பையன். நல்ல பையன்தான். அவன் அம்மா நிவேதிதாவுக்கு ஐ.டி. வேலை. "சார், வீட்டுல சோஃபாவ விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான். நீங்க எவ்வளவு வேணா ஓட விடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அவரே சொன்னார். அவன் ஒருவனால் நாலாம் வகுப்பு தினமும் முதலிலிருந்து ஓடியது. விளையாட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வரிசை ஒரு நாளும் நேராகவில்லை.

அன்று டேங்கைக் கழுவி, காயட்டும் என்று மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஏணியும் சாய்த்தபடியே இருந்தது. நான் படியேறி வரும்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. பரத்தின் வகுப்பில் படிக்கும் விஷ்ணுவின் குரல். "உள்ள குந்திக்க மாமே. இன்னிக்கு நீ ஆப்சென்ட்டு. சாருக்கு இன்னா தெரியப்போவுது?" பரத் சிரித்தான். "இருட்டா இருக்குடா. சீக்கிரம் வந்து எடுங்கடா, பிஸ்கட் தரேன்" என்றான். அவர்கள் அவனைத் தள்ளவில்லை, மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவனும் ஓட வேண்டாம், தங்களுக்கும் இன்னொரு சுற்று வேண்டாம் என்றுதான் செய்தார்கள். விஷ்ணு ஏணியில் நின்று மூடியைத் திருகினான். அவன் இறங்கும்வரை நான் படியிலேயே நின்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நாள் வரிசையை நேராகப் பார்க்க ஆசைப்பட்டேன்.

முதல் விசில் அடித்தேன். வாய்கள் மூடின. டிரம்மை நானே அடித்தேன். பிள்ளைகள் அற்புதமாக நடந்தார்கள். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாய் உறுமியது, டேங்குக்குள் தண்ணீர் விழுந்தது. அப்போதுதான் உள்ளே தட்டும் சத்தம். அது தாளத்துக்கு ஒத்துவரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. டிரம்மைப் பலமாக அடித்தேன்.

பிள்ளைகளின் கண்கள் டேங்குக்கும் எனக்குமாக ஓடின. விஷ்ணுவின் உதடு வெளுத்திருந்தது. முன்வரிசையில் சிம்ரன் என்ற பெண் இருக்கிறாள். அவளுடைய வெள்ளை சாக்ஸ் நனைந்தது. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். கையை மட்டும் உயர்த்தினாள். பேசவில்லை. பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவள் கால் நின்றுவிட்டது. வரிசை பிசகிவிட்டது.

"முதலிலிருந்து" என்றேன்.

பெரிய டேங்க், மேடம். நிறைய நேரமாகும். அதற்குள் பயிற்சி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஒரு சுற்று என் கணக்கில் இல்லை.

அந்தச் சுற்றின் நடுவில் தட்டல் நின்றது. பிள்ளைகளும் நின்றார்கள், அத்தனை பேரும் ஒரே நொடியில், கை விறைப்பாக, தலை அசையாமல். நுனிக்கு நுனி கயிறு பிடித்தால்கூட அவ்வளவு நேராக இருக்காது. அப்படி ஒரு வரிசையை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. டிரம்மைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் ஏணியில் ஏறினேன். பரத்தைத் தூக்கும்போது அவன் சட்டைப்பையில் பிஸ்கட் பாக்கெட் ஊறிப்போயிருந்தது.

வேம்புலி கேட்காமல் மோட்டார் போட்டான் என்று முதலில் உங்களிடம் சொன்னவன் நான். அவன் கேட்டான். கீழிருந்து கத்திக் கேட்டான். "சார், மோட்டாரு போட்றட்டா? பசங்க கீறாங்களே, டேங்க்ல எதுனா உயுந்துகீதான்னு ஒரு தபா எட்டிப் பாத்துக்க சார்!" என்றான். நான் டேங்கைப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"ஒன்றும் இல்லை, போடு" என்று சொன்னேன்.

போடாதே என்று சொல்லியிருந்தால் அவன் மேலே வந்திருப்பான். பரத் வெளியே வந்திருப்பான். வரிசையில் நின்றிருப்பான்.

வேம்புலியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை, வீட்டில்கூடப் பேசுவதில்லை, டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெற்றோர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை, மேடம். நல்ல பழக்கம் பழகிய பிள்ளைகள். அந்தக் கலவரத்தில் நான் கலைந்து போகும் விசிலை அடிக்க மறந்துவிட்டேன். அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அந்த விசிலைக் கொஞ்சம் கொடுங்கள். ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.