கணவாய் குடிச்ச முதல் வாய்

டப்... டப்... டப்டப்... அதே சத்தந்தான் அஜங்லே. உங்க பக்கம் பெரியவங்கள அப்படித்தானே கூப்பிடணும்? ஒரு மணி நேரமாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சா? கேக்கும். சிங்கோ லா கணவாயில ஒரு வளைவு திரும்பினாப் போதும், சத்தம் முன்னாடி ஓடி வந்துரும், பைக் பின்னாடி முக்கி முனகி வரும். பாறை சரியுதுன்னு நெனச்சு நீங்க ஆட்டையெல்லாம் உள்ள அடைச்சதா உங்க மக சொன்னா... சொன்னாங்க.

எம் பேரு அங்ருப். கணவாய்க்கு அந்தப் பக்கம், தார்ச்சா ஊரு. நீங்க தக்கிளிய நிறுத்தாதீங்க, உங்க பாட்டுக்கு நூலைச் சுத்துங்க. அந்தப் பட்டாணிக் கூடைய மட்டும் இப்படித் தள்ளுங்க, பேசிக்கிட்டே உரிக்கிறேன். விருந்தாளியா? அதெல்லாம் இருக்கட்டும், சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்கும்.

ஆமா, தனியாத்தான் வந்தேன். கூட வர்றதா இருந்தாரு எங்க மாமன். வண்டியப் பாத்ததும் முட்டி வலிக்குதுன்னுட்டாரு. முந்தின நாள் கல்யாண வீட்ல விடிய விடிய ஆடின முட்டி!

ஊத்திக்குங்க, ஊத்திக்குங்க. எங்க வீட்டு பார்லிக் கள்ளு, சாங்கு. நாளைக்கு விட்டாப் புளிச்சிரும், தனியா எவ்வளவுதான் குடிப்பேன்? இந்தக் கேன் பண்ண கூத்தக் கேளுங்க. உச்சிக்கு வந்து பாக்குறேன், நெறமாசக்காரி வயிறு மாதிரி உப்பி நிக்குது. மேல காத்து கம்மி, உள்ள சாங்கு பொங்குது. மூடிய லேசாத் திருகினேன். புஸ்ஸுன்னு அடிச்சது பாருங்க! மூஞ்சி, மீசை, அங்க கட்டியிருக்கிற மந்திரக் கொடிங்க, எல்லாம் நனஞ்சு போச்சு. சரி, முதல் வாய் கணவாய்த் தாய் குடிச்சுட்டா, மிச்சம் நமக்குன்னு கும்பிட்டேன். வேண்டாம்னு அவ ஒண்ணும் சொல்லல.

இறக்கத்துல ஓடை. வெயில் ஏறிப் பனி உருகி முழங்காலுக்கு மேல ஓடுது. வண்டி சாஞ்சிருச்சு. நான் எதைத் தாவிப் பிடிச்சிருப்பேன்? வண்டியவா? கேனத்தான். வண்டி தண்ணியில படுத்து வாய் கொப்புளிக்குது, நான் கேனப் புள்ள மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு நடு ஓடையில நிக்கிறேன். சிரிங்க. நானும் அப்பறம் சிரிச்சேன், பல்லு நடுங்கறது நின்னதும்.

வண்டிச் சுமையா? ரெண்டு நாள் பயணத்துக்கு மெத்தை எதுக்கு, ஆகஸ்ட் மாசம் பனி பூட்ஸ் எதுக்குன்னா... நல்லாத்தான் பாத்திருக்கீங்க. சொல்றேன். முதல்ல கையில இருக்கிற கோப்பைய முடிங்க.

நம்ம ரெண்டு பேருக்கு மூணு கோப்பை வந்திருக்கா? அத என்கிட்டக் கேட்டா? கொண்டாந்த உங்க மகளையே கேளுங்க. உள்ள கரண்டிச் சத்தம் நின்னு போச்சு பாருங்க.

ஒண்ணு கேக்கட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு மூணு தடவ பொண்ணு கேட்டு சாங்கு வந்துச்சாமே? மூடி திறக்கும் முன்னாடியே திருப்பி அனுப்பிட்டீங்களாம். அவ அந்தப் பக்கம் போயிட்டா, பனி மூடின ஆறு மாசம் நான் சுவத்தோடவா பேசுறதுன்னு கேட்டீங்களாம். நியாயம் அஜங்லே. எங்கம்மா தவறின வருஷம் நானும் ஒரு குளிர்காலம் முழுக்க சுவத்தோடதான் பேசினேன். அது பதில் சொல்ற மாதிரி இருந்ததும் பயந்து வெளிய ஓடிட்டேன்.

முடிச்சாச்சா? கவுத்துக் காட்டுங்க. சொட்டு இல்ல. நல்லது.

இப்ப சட்டைக்குள்ளேருந்து ஒண்ணு எடுக்கிறேன். வெள்ளைத் துண்டுதான். உங்க ஊர் எல்லைக் கல்லு வரைக்கும் கேன் கழுத்துலதான் இருந்துச்சு, அங்க அவுத்து ஒளிச்சேன். இந்தா, திரும்பக் கட்டியாச்சு. ஆமாங்க, வெள்ளைத் துண்டு கட்டினா அது பொண்ணு கேக்குற சாங்கு. குடிச்சா சம்மதம். உங்க பக்கமும் அதான், எங்க பக்கமும் அதான்.

முறைக்காதீங்க, யோசனை என்னுது இல்ல. போன வருஷம் தார்ச்சாவுக்குப் பட்டாணி விக்க வந்தாங்கல்ல உங்க குன்ஸாங், அவங்களோடது. அப்பா காதுல சொன்னா வேண்டாம்பாரு, தொண்டையில சொல்லுன்னாங்க. எனக்குப் பட்டாணின்னாலே ஆகாது. நாலு மூட்டை வாங்கினேன்.

ஏமாத்திட்டேன்னு தோணுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்த ஆத்துல ஊத்திட்டு இப்பவே வண்டிய எடுக்கிறேன். ஆனா மெத்தை எதுக்குன்னு கேட்டீங்கல்ல? நான் உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போக வரல. இங்கேயே இருக்க வந்திருக்கேன். தார்ச்சா வீட்டுச் சாவிய மாமன்கிட்டக் குடுத்தாச்சு. பனி பூட்ஸு இந்தக் குளிர்காலத்துக்கு.

தக்கிளி நின்னு போச்சே... எதாவது சொல்லுங்க. திட்டவாச்சும் செய்யுங்க.



ம். சுத்துது. குன்ஸாங், தக்கிளி சுத்துது!

என்னது? அந்த ரெண்டாவது கூடைப் பட்டாணியையும் நானே உரிக்கணுமா? தள்ளுங்க, தள்ளுங்க இப்படி.